ஜான்சன்: வறுமையை ஒழிக்க வந்தவரா, கோதுமைக் கப்பலை இழுத்தடித்தவரா?

பாமணியாறு:

வணக்கம். மன்னார்குடியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். கருத்தரங்கில் பேச எனக்கு விழுந்த தலைப்பு லிண்டன் ஜான்சன், அமெரிக்காவின் 36-வது அதிபர். கென்னடி என்றால் நாலு பேருக்குத் தெரியும், இவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது என்று அலுத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. ஹோட்டல், தியேட்டர், வேலை எதிலும் நிறம் பார்க்கக்கூடாது என்று 1964-ல் சட்டம். கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக 1965-ல் இன்னொரு சட்டம். 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் மருத்துவக் காப்பீடு. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசுப் பணம். 'வறுமைக்கு எதிரான போர்' என்று பேர் வைத்தே இறங்கியிருக்கிறார்.

இதை வீட்டில் சொன்னால் தாத்தா கொதிக்கிறார். "பஞ்ச காலத்துல கப்பலை நிறுத்தி வச்சு நம்மளைக் கெஞ்ச விட்டவன்" என்கிறார். தாத்தா அந்தக் காலத்தில் நெல் மண்டியில் கணக்கு எழுதியவர், சும்மா சொல்கிற ஆள் இல்லை.

தன் நாட்டில் பசியை ஒழிக்கிறேன் என்றவர் இங்கே பசியை வைத்து ஏன் பேரம் பேசினார்? இன்னொன்று. இவர் 1937-ல் நாடாளுமன்றத்துக்குப் போன நாளிலிருந்து 20 வருஷம், கறுப்பின மக்களுக்கான எந்த மசோதா வந்தாலும் எதிர்த்தே ஓட்டுப் போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் மனம் மாறினாரா, ஓட்டுக்காக நடித்தாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்று வாத்தியார்:

வாம்மா. உங்க தாத்தா சொல்வதும் சரி, நீ படித்ததும் சரி. ஜான்சன் ஒரே ஆள்தான், அவர் கையில் இருந்த வித்தையும் ஒன்றுதான். எதிரில் இருப்பவனுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவான் என்று மோப்பம் பிடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. அந்த வித்தை வாஷிங்டனில் சட்டமாக விளைந்தது. நம்மிடம் அது மாதாமாதம் கையேந்த வைத்தது.

நான் 30 வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பிறந்தது 1908-ல், டெக்சாஸில் ஸ்டோன்வால் என்ற ஊர்ப்பக்கம், பெடர்னாலஸ் ஆற்றங்கரையில். ஆற்றங்கரை என்றதும் நம்ம ஊர் படுகையை நினைத்துவிடாதே. சுண்ணாம்புப் பாறை, மேலே ஒரு சாண் மண், மழை பெய்தால் உண்டு. அப்பா மாநில சட்டமன்ற உறுப்பினர். பருத்தி விலை ஏறியிருந்த நேரத்தில் கடன் வாங்கி நிலத்தில் போட்டார், விலை விழுந்தது, குடும்பம் நொடித்தது. எம்.எல்.ஏ. வீட்டுப் பையன் கடன்காரன் வீட்டுப் பையன் ஆனான். அந்த அவமானத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை என்பது என் கணிப்பு.

ஆசிரியர் கல்லூரியில் படிக்கும்போது கையில் காசில்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு, 1928-ல் கொட்டுல்லா என்ற ஊருக்கு வாத்தியாராகப் போனார். மெக்சிகோ நாட்டு வழிவந்த கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய பள்ளி. பிள்ளைகள் காலையில் சாப்பிடாமலே வகுப்புக்கு வரும். 37 வருஷம் கழித்து, 1965 மார்ச் 15 இரவு, அதிபராக நாடாளுமன்றத்தில் நின்று வாக்குரிமைச் சட்டம் கேட்டபோது இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அதற்குச் சரியாக எட்டு நாள் முன்னால்தான் அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியிருந்தது. கறுப்பின மக்கள் போராட்டத்தில் பாடிய 'நாம் வெல்வோம்' என்ற வரியை ஒரு தெற்கத்தி வெள்ளைக்கார அதிபர் தன் வாயால் சொன்னார். அந்த உரையை முழுசாகப் படி.

அடுத்தது கரண்ட். 1937-ல் 28 வயசில் எம்.பி. ஆனார். அவர் தொகுதியின் மலைக்காட்டுப் பகுதியில் மின்சாரம் கிடையாது. கிணற்றில் பெண்கள் வாளி வாளியாகச் சேந்தித் தூக்க வேண்டும், விறகடுப்பில் இரும்புப் பெட்டியைக் காய வைத்துத் துணி தேய்க்க வேண்டும். வீடுகள் எட்ட எட்ட இருப்பதால் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்று கிராம மின்மயத் துறை கையை விரித்தது. இவர் நேரே அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் போய் நின்று காரியத்தைச் சாதித்தார். பெடர்னாலஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் உருவாகி 1939-ல் விளக்கு எரிந்தது. தன் வாழ்க்கையில் செய்ததில் ரொம்ப திருப்தி தந்தது இதுதான் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிச் சொன்னால் உத்தமர் என்று தோன்றும். தோன்றக்கூடாது. 1948-ல் செனட் பதவிக்கு நின்றார். டெக்சாஸில் அன்று ஜனநாயகக் கட்சிக்குள் யார் வேட்பாளர் என்பதுதான் உண்மையான தேர்தல். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டில் 87 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எப்படி? தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து ஆலிஸ் என்ற ஊரின் 13-ம் எண் பெட்டியில் புதிதாக 202 பேர் ஓட்டுப் போட்டிருப்பதாகத் தெரிந்தது. அதில் 200 இவருக்கு. ஓட்டுப் போட்டவர்கள் அகரவரிசைப்படி வரிசையில் வந்திருக்கிறார்கள், எல்லோர் பெயரும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில்! நம்ம பக்கத்துக் கூட்டுறவு சொசைட்டி தேர்தல் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்ள தனிப் புத்தகம் வேண்டாம்.

செனட்டுக்குள் போனவர் 1955-ல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். ஆறடி மூன்றங்குலத்துக்கும் மேல் உயரம். ஓட்டு வேண்டிய ஆளை மூலையில் மடக்கி, மூக்கோடு மூக்கு உரசும்படி குனிந்து, கோட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு பேசுவார். எதிராளி பின்னால் வளைந்துகொண்டே போவார். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், கருத்தரங்கில் இரண்டைப் போட்டுக் காட்டு, கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

1963 நவம்பர் 22. டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார். விமானத்துக்குள்ளேயே பதவிப் பிரமாணம். கென்னடி கொண்டுவந்து நாடாளுமன்றத்தில் சிக்கிக் கிடந்த குடிமை உரிமை மசோதாவை இவர் கையிலெடுத்தார். எதிர்த்து நின்றது யார் தெரியுமா? இவரை அரசியலில் தூக்கிவிட்ட ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். தெற்கத்தி செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பேசிப் பேசியே சபையை முடக்கினார்கள். அந்தப் பேச்சை நிறுத்த 67 ஓட்டு வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனை வளைத்தார்கள். பெருமை எல்லாம் உங்களுக்கே என்று அவரை மேடையேற்றிவிட்டதுதான் தூண்டில்.

1964 ஜூன் 10 அன்று ஓட்டெடுப்பு. கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. பெயரைக் கூப்பிட்டபோது கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' என்ற ஓட்டுக்கும் ஒரே ஓசை. எழுத்தர் ஆதரவு என்று குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே எங்கிள் இறந்துபோனார். முடிவு 71-க்கு 29. குடிமை உரிமை மசோதா ஒன்றில் இந்த முட்டுக்கட்டை உடைந்தது அதுதான் முதல் தடவை. ஜூலை 2-ல் சட்டமானது.

அந்த நவம்பர் தேர்தலில் 44 மாநிலங்களில் ஜெயித்தார். ஆனால் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா ஐந்தும் கைவிட்டுப் போயின. எல்லாம் அவர் கட்சியின் கோட்டைகள். ஓட்டுக்காக நடித்தாரா என்று கேட்டாயே, ஓட்டுக் கணக்கு தெரிந்த ஆள் சொந்தக் கோட்டையை உடைத்துக்கொண்டா நடிப்பார்? அதற்கு முந்தைய 20 வருஷம் எதிர்த்துப் போட்ட ஓட்டுகள்தான் ஓட்டுக்காகப் போட்டவை என்பேன். இது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

1965-ல் நடந்ததை எல்லாம் எழுதினால் விடிந்துவிடும். மெடிகேரில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனி. அரசுப் பணம் வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கு ஒரு வார்டு, கறுப்புக்கு ஒரு வார்டு இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வருஷக்கணக்காக நியாயம் பேசி நடக்காதது, பணம் நின்றுவிடும் என்றதும் சில மாதத்தில் ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பாரு, அதே வித்தை.

கப்பல் விஷயத்தை என்னைவிட ஆடுதுறைக்காரர் நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் போட்ட மஞ்சள் மாவு உப்புமாவும் பால் பவுடர் பாலும்தான். மாவு வந்த சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்தச் சாக்கில் தைத்த புத்தகப் பைதான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு.

ஆடுதுறைக்காரன்:

வாத்தியார் என் பக்கம் தள்ளிவிட்டார். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு முந்தைய தலைமுறை அதிகாரிகள் சொல்லக் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பி.எல்.480 என்பது 1954-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் காலத்துச் சட்டம். டாலர் வேண்டாம், ரூபாயிலேயே கொடு என்று தானியம் தருவார்கள். நமக்கு அது சௌகரியமாகப் போயிற்று. 1964-65-ல் நாட்டின் மொத்த உணவு தானியம் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருஷம் மழை பொய்த்து 7.2 கோடிக்கு விழுந்தது. பழைய ஒப்பந்தம் 1965-ல் முடிகிறது, ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்துவிட்டார். இந்த மாதம் இவ்வளவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கயிற்றைக் குட்டையாகப் பிடித்தார். எவ்வளவு கப்பல் கிளம்ப வேண்டும் என்பதை அவரே உட்கார்ந்து பார்ப்பாராம்.

காரணம் இரண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இந்தியா தொழிற்சாலைக்குப் பணத்தைக் கொட்டி விவசாயத்தைக் கவனிக்கவில்லை, ஓசிக் கோதுமை இருக்கும்வரை கவனிக்கவும் மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1965 நவம்பரில் ரோம் நகரில் நம்ம மத்திய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம், அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, உரத்துக்கு இவ்வளவு, புது ரக விதைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு வந்தார். சி.எஸ். இதையெல்லாம் முன்பிருந்தே செய்ய நினைத்தவர்தான், ஜான்சன் நெருக்கியது உள்ளூரில் எதிர்த்தவர்கள் வாயை அடைக்க அவருக்கு உதவியது என்று சொல்வோர் உண்டு.

இரண்டாவது காரணம் வியட்நாம். அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது. 1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனபோது ஜான்சன் தாராளமாக இருந்தார். ஜூலையில் இந்திரா மாஸ்கோ போய் வியட்நாம் பற்றி ரஷ்யர்களோடு சேர்ந்து அறிக்கை விட்டதும் கப்பல் மறுபடி தாமதமாயிற்று. பீகாரில் பஞ்சம் தலைவிரித்தாடிய சமயம் அது. இதைத்தான் பாமணியாறு தாத்தா சொல்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கையும் சொல்லணும்: 1966-ல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன், பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

டெல்டா அரிசி தின்கிற சீமை, நமக்கென்ன என்று கேட்கலாம். வடக்கே கோதுமை குறைந்தால் டெல்லி அரிசிக்குத் தெற்கே கை நீட்டும், அது லெவி நெல்லாக, அதாவது அரசுக்குக் கட்டாயமாக அளக்க வேண்டிய நெல்லாக, நம்ம களத்தில் வந்து நிற்கும். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் ஆரம்பித்தபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. 1960-லேயே ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு 'பேக்கேஜ் திட்டம்' தஞ்சையில் ஓடிக்கொண்டிருந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் நெல்லையும் நம்ம ஜி.இ.பி.24 ரகத்தையும் சேர்த்து எடுத்த ஏ.டி.டி.27 ரகம் குறுவையில் பரவியது அந்தச் சமயம்தான். அது ஜான்சன் சொல்லி வந்ததில்லை, இங்கே பல வருஷம் வேலை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா மிரட்டியதால்தான் பசுமைப் புரட்சி வந்தது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லும்மா.

அப்புறம் 1967. அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. ஊர் ஊராகப் பேசியது, காங்கிரஸ் போயிற்று. சி.எஸ். அவர்களே அந்தத் தேர்தலில் தோற்றார்.

குடந்தை அக்கா:

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்களே! 1965 அக்டோபர் 3-ம் தேதி சுதந்திர தேவி சிலையடியில் ஜான்சன் போட்ட கையெழுத்து. குடியேற்றச் சட்டம். அதற்கு முன்னால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஒதுக்கீடு, ஐரோப்பியர்களுக்குத் தாராளம். இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர், அதுவும் 1946-ல்தான் கொடுத்தார்கள். புதுச் சட்டம் பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்குவதை நீக்கிவிட்டு, குடும்ப உறவும் தொழில் திறமையும் பார்த்தது. இது ஒன்றும் புரட்சிகரமான மசோதா இல்லை என்று அவரே அந்த மேடையில் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போனார், எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு ஒரு நியூஜெர்சி.

என் பெரியப்பா மகன் டாக்டருக்குப் படித்து எழுபதுகளின் தொடக்கத்தில் போனான். பெரியம்மா ஜான்சன் யாரென்று தெரியாமலே, மகனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் டெல்டாவில் அவருடைய கையெழுத்து பட்ட இடம் கோதுமை மட்டும் இல்லை.

கீழத்தஞ்சை:

வாத்தியார் ஐயா கொஞ்சம் சர்க்கரை தூவிவிட்டார். வியட்நாமை ஆடுதுறைக்காரர் போகிற போக்கில் சொன்னதோடு சரியா? 1965 மார்ச்சில் சண்டைப் படை இறங்கியது, 1968-ல் ஐந்து லட்சம் சிப்பாய்களுக்கு மேல். வறுமைப் போருக்கு வைத்திருந்த காசையும் கவனத்தையும் நிஜப் போர் தின்றது. செத்தவர்களில் வியட்நாம்காரர்கள் லட்சக்கணக்கு. பள்ளிப் பிள்ளை பசியைக் கண்டு உருகியவருக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் தெரியவில்லையா?

இன்னொன்று. சட்டம் போட்டதும் எல்லாம் மாறிவிடாது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள், அதே வருஷம் டிசம்பரில் இங்கே கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்கள் வீட்டு மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நம்மிடம் 1950-லிருந்தே தீண்டாமைக்கு எதிரான அரசியல் சட்டமும் இருந்தது, எல்லோருக்கும் ஓட்டும் இருந்தது. நிலம்?

வெண்ணாற்று வாத்தியார்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. நிலத்தையும் சொத்தையும் ஜான்சன் தொடவில்லை, அங்கே தொடவும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஓட்டை லேசாக நினைக்காதே. மிசிசிப்பியில் 1965-க்கு முன்னால் ஓட்டர் பட்டியலில் பெயர் இருந்த கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்தே தள்ளிவிடுவார்கள். சட்டம் அந்தப் பரீட்சையை நிறுத்தி, மத்திய அரசு ஆட்களை அனுப்பிப் பெயர் சேர்த்தது. 1967-ல் 60 பேர் அளவுக்கு வந்துவிட்டது. வறுமையும் 1964-ல் நூற்றுக்கு 19 பேர் என்றிருந்தது 1969-ல் 12 ஆனது. பொருளாதாரம் ஓடிய வேகத்துக்கும் அதில் பங்குண்டு.

வியட்நாமுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொல்லப்போனால் அது இன்னும் மோசம். 1964 மே மாதம் ரஸ்ஸலோடு அவர் தொலைபேசியில் பேசிய பதிவு இருக்கிறது. போரில் இறங்கவும் மனமில்லை, வெளியே வர வழியும் தெரியவில்லை என்று புலம்புகிறார். தெரிந்தும் இறங்கினார். பின்வாங்கினால் கோழை என்பார்களே என்ற பயம். மற்றவர்கள் பயத்தை வைத்து விளையாடியவருக்கு அவர் பயமே எமன். வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னிடம் அவர் பேரம் பேசிப் பார்த்தார், மீகாங் ஆற்றில் அணை கட்டித் தருகிறேன் என்று 1965 ஏப்ரலில் ஆசை காட்டினார். அந்த மனுஷருக்கு டெக்சாஸ்காரர் கொடுக்கக்கூடிய எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1968 மார்ச் 31-ல் மறுபடி நிற்கமாட்டேன் என்று டி.வி.யில் சொல்லிவிட்டு ஒதுங்கினார். 1973 ஜனவரி 22-ல் தன் பண்ணையில் மாரடைப்பில் இறந்தார், வயசு 64.

பாமணியாறு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தாத்தாவிடம் ஏ.டி.டி.27 பற்றிப் படித்துக் காட்டினேன், அதற்கு மட்டும் தலையாட்டினார். ஐயா, அந்தத் தொலைபேசிப் பதிவுகளைக் கேட்க முடியுமா? கருத்தரங்கில் ஒன்றிரண்டு போடலாம் என்று ஆசை.

வெண்ணாற்று வாத்தியார்:

தாராளமாக. ஆஸ்டினில் அவர் பெயரில் இருக்கும் அதிபர் நூலகம் நிறையப் பதிவுகளைப் பொதுமக்களுக்கு விட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். டெக்சாஸ் உச்சரிப்பு பிடிபட நேரமாகும், ஹெட்போன் போட்டுக் கேள், பக்கத்தில் எழுத்து வடிவம் இருந்தால் வைத்துக்கொள். ரஸ்ஸலோடு பேசியதில் இரண்டு நிமிஷம் போதும். 1964 ஆகஸ்டில் கம்பெனிக்குப் போன் போட்டு பேன்ட்டுக்கு ஆர்டர் கொடுப்பதும் ஒன்று இருக்கிறது, எங்கே பிடிக்கிறது, எங்கே விட்டுத் தைக்க வேண்டும் என்று பச்சையாகச் சொல்வார். அதை வீட்டில் தனியாகக் கேள், கருத்தரங்கில் போட்டுவிடாதே.